பாய்மரக் கம்பியில் துரு: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தக் கரையில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடம் போய் "எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி துருப்பிடிக்காது" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மாஸ்ட்டை, அதாவது பாய்மரக் கம்பத்தை, இழுத்துப் பிடிக்கும் புதுக் கம்பி போட்டு ஒரு கோடை தாண்டுவதற்குள் பழுப்புக் கறை வந்துவிடும். அதைப் பார்த்துப் பதறி எல்லாக் கம்பிகளையும் கழற்றி எறிபவர்கள் உண்டு. கம்பி பளபளவென்று இருக்கிறது என்று நம்பி, உள்ளே விரிசல் விட்ட முனையோடு கடலுக்குள் போகிறவர்களும் உண்டு. முதல் வகைக்குப் பணம் நஷ்டம். இரண்டாவது வகைக்கு மாஸ்ட்டே தலைமேல் விழும். எந்தக் கறையைத் துடைத்தால் போதும், எதைக் கண்டால் கம்பியையே மாற்ற வேண்டும் என்பதைப் பிரித்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருக்கும் வரை, கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் மறுபடி மூடிக்கொள்ளும். காற்றுப் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் உப்பிலுள்ள குளோரைடு படலத்தை உடைக்கும். ஆக்சிஜன் இல்லாததால் அது திரும்ப உருவாகாது. அங்கிருந்து உலோகம் உள்ளுக்குள் அரிக்க ஆரம்பிக்கும். ஆக, உப்பு மேலே படுவதைவிட உப்புத் தண்ணீர் ஓரிடத்தில் தங்குவதுதான் பெரிய கேடு. கம்பியின் கீழ் முனை, டேப் சுற்றிய இடம், டெக்கை (படகின் மேல்தளத்தை) துளைத்து இறங்கும் இடம், திருகின் மரை: தேட வேண்டியது அங்கேதான்.

கையில் என்ன வேண்டும்? பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ், டார்ச், பஞ்சு, நைலான் ஸ்க்ரப்பர், நல்ல தண்ணீர். விரிசல் பார்க்கும் ஸ்ப்ரே செட் ஒன்று, கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று டப்பா இருக்கும். வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மாஸ்ட் உச்சிக்கு ஏறுவதாக இருந்தால் இரண்டு தனித்தனிக் கயிற்றில் ஏறுங்கள். சந்தேகத்தில் இருக்கும் கம்பியை நம்பி ஏறவே கூடாது.

கம்பி முழுக்க லேசான பழுப்பு, துடைத்தால் போகிறது

இது மேலோட்டக் கறை. பலத்தைக் குறைக்காது. ஆனால் வடசென்னையில் இது மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் வருவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கடற்காற்று கொண்டுவரும் உப்போடு, எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின்நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசும் சேர்ந்து கம்பி முறுக்கின் பள்ளத்தில் படிகிறது. அந்தத் தூசு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று இரும்புத் துகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறி வேலை நடக்கும். நாள் முழுக்க கிரைண்டர் ஓடும். அந்தப் பொறியில் பறக்கும் இரும்புப் பொடி பக்கத்துப் படகின் எஸ்.எஸ். கம்பியில் ஒட்டி, ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் துருப்பிடிக்கும். உங்கள் படகு அந்தச் சமயம் அங்கே நின்றால் கீழ்க் கம்பிகளையும், கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள்களையும் ஒரு தார்ப்பாயால் மூடி வையுங்கள். வேலை முடிந்த அன்றே தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். மூடியே வைத்தால் உள்ளே புழுங்கி இன்னும் மோசமாகும்.

சுத்தம் செய்யும் முறை இதுதான். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். அப்புறம் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 முதல் 100 கிராம் வரை கரைத்து, துணியில் நனைத்துக் கம்பியில் சுற்றி, அரை மணி நேரம் காயாமல் வைத்திருங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை. இது இரும்புத் துகளைக் கரைத்து எடுத்துவிடும்; குரோமியம் படலம் மறுபடி சீராக உருவாக வழி விடும். நைலான் ஸ்க்ரப்பரால் முறுக்கின் போக்கிலேயே தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகக் கூடாது. ஒன்று, இரும்பு நாரும் இரும்பு பிரஷும். அவை விட்டுப்போகும் துகளே அடுத்த மாதத் துரு. இன்னொன்று, பாத்ரூம் கழுவும் ஆசிட். துரு உடனே பளிச்சென்று போய்விடும் என்பதால் பலர் இதைத்தான் ஊற்றுகிறார்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதைவிடக் கெட்டது கிடையாது. முறுக்குக்குள் இறங்கியதை அலசி எடுக்கவும் முடியாது. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கும் இதே பதில்தான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நல்ல தண்ணீரால் கழுவு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கரையோர போர்வெல்களில் பல உப்புக் கரிக்கும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகத்தான் முடியும். மெட்ரோ வாட்டர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் போதும். அளவு குறைவாக இருந்தால் மொத்த மாஸ்ட்டையும் நனைக்க வேண்டாம். ஒரு குடத்தை வைத்துக்கொண்டு கீழ் முனைகள், டர்ன்பக்கிள்கள், செயின்பிளேட்டுகள் (கம்பியைப் படகோடு மாட்டும் தகடுகள்) இவற்றை மட்டும் நன்றாக அலசுங்கள். கடலுக்குப் போய்வந்த அன்றே செய்தால்தான் பலன்.

கீழ் முனையிலிருந்து மட்டும் பழுப்புக் கோடு வழிகிறது

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான அறிகுறி. கம்பி சுத்தமாக இருக்கிறது. ஆனால் கம்பி போய்ச் சேரும் ஸ்வேஜ், அதாவது குழாய்க்குள் கம்பியை விட்டு அழுத்திப் பொருத்திய முனை, அதன் வாயிலிருந்து ஒரு மெல்லிய பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. துடைத்தால் போகும். ஒரு வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். திரும்ப வந்தால் துரு உள்ளே இருந்து வருகிறது என்று அர்த்தம்.

மேல் முனையின் வாய் கீழ் நோக்கி இருப்பதால் அதில் தண்ணீர் நிற்காது. கீழ் முனையின் வாய் வானத்தைப் பார்த்திருக்கும். கம்பி வழியாக இறங்கும் ஒவ்வொரு சொட்டும் அதற்குள்தான் போய்ச் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழை மேல் கம்பியை உப்புப் போகக் கழுவிவிடும் என்று நாம் மகிழ்கிறோம்; அந்த உப்பு முழுக்க இறங்கித் தேங்குவது இந்த வாயில்தான். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளே தங்கும், அடுத்த மழைக்குக் கரைசல் இன்னும் கெட்டியாகும். உள்ளே துரு உண்டாகும்போது அது உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் ஸ்வேஜ் குழாய் நீளவாக்கில் பிளக்கும். ஆரம்பத்தில் முடி அளவுதான் விரிசல். வெறும் கண்ணுக்குக் கீறல் மாதிரி தெரியும்.

சோதிப்பது எளிது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். சூடேறிய உலோகத்தில் சாயம் உடனே காய்ந்துவிடும். முனையைக் கிளீனரால் துடைத்து உலரவிடுங்கள். சிவப்புச் சாயம் அடித்துப் பத்து முதல் இருபது நிமிடம் காத்திருங்கள். பிறகு துணியில் கிளீனர் நனைத்து மேலே இருப்பதை மட்டும் துடையுங்கள். கிளீனரை நேராக முனையில் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் வெளியே வந்துவிடும். கடைசியாக வெள்ளை டெவலப்பர். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்.

கோடு எழுந்தால் அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்தது. பட்டறையில் "அண்ணே, லேசா ஒரு வெல்டு வெச்சுடலாம்ணே" என்பார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. விசைப்படகின் தகட்டில் அந்த வேலை நிற்கும். ஸ்வேஜில் நிற்காது. உள்ளே இருக்கும் கம்பி இழைகளின் வலு வெல்டிங் சூட்டில் போய்விடும், விரிசலுக்குக் காரணமான துருவும் அப்படியே இருக்கும். வாய்க்கு மேல் சிலிக்கான் வைத்து அடைப்பதும் தீர்வில்லை. ஏற்கெனவே தண்ணீர் இருக்கும் முனையை அடைத்தால், காற்றை மட்டும்தான் அடைக்கிறோம்.

சாயச் சோதனையில் விரிசல் இல்லை, ஆனாலும் கறை வருகிறதா? அந்த முனையில் தேதியை எழுதி வைத்து, மாதம் ஒருமுறை மறுபடி சோதியுங்கள். கம்பிக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் நான் காத்திருக்க மாட்டேன், மாற்றிவிடுவேன். குளிர் நாடுகளிலேயே பத்து முதல் பதினைந்து வருடம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். நம் வெயிலுக்கும் உப்புக்கும் அந்தக் கணக்கின் கீழ் நுனியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும்போது ஸ்வேஜுக்குப் பதிலாகக் கழற்றிப் பூட்டும் வகை முனையைக் கீழ்ப் பக்கம் போடுவது இந்தக் கரைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. உள்ளே ஒரு கூம்பு, வெளியே மரை போட்ட கூடு. ஸ்பேனரால் திறந்து உள்ளே பார்க்கலாம். பூட்டும் முன் உள்ளே சீலண்ட் நிரப்பினால் தண்ணீர் நிற்க இடமே இருக்காது. விலை அதிகம்தான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்வேஜ்தான் போடப் போகிறீர்கள் என்றால், புதிதாக இருக்கும்போதே வாயை லேசாகச் சூடாக்கி லானோலினோ தேன்மெழுகோ உருக்கி உள்ளே இறங்க விடுங்கள்.

பஞ்சு சிக்குகிறது

பஞ்சை விரல்களுக்கு நடுவில் வைத்துக் கம்பியை மேலும் கீழுமாக வருடுங்கள். வெறுங்கை வேண்டாம், அறுந்த இழை ஊசி மாதிரி கையைக் கிழிக்கும். பஞ்சு சிக்கும் இடத்தில் ஒரு இழை அறுந்திருக்கிறது. பெரும்பாலும் இது ஸ்வேஜ் வாயை ஒட்டியே இருக்கும்.

நம் படகுகளில் மாஸ்ட்டைத் தாங்கும் கம்பி பெரும்பாலும் 1×19 வகை: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதற்கு மேல் பன்னிரண்டு. ஒன்று அறுந்தால் போவது கணக்குப்படி 5 சதவீதம் பலம்தானே என்று தோன்றும். மற்ற பதினெட்டுக்கும் அதே வயது, அதே உப்பு, அதே ஆட்டம். முதலாவது அறுந்தது ஏன் என்று கேட்டால், அடுத்தது எப்போது என்ற பதிலும் அதிலேயே இருக்கிறது. ஒரு இழை போனாலும் கம்பியை மாற்ற வேண்டும். அதே வயதுள்ள எதிர்ப்பக்கக் கம்பியையும் சேர்த்து மாற்றுங்கள்.

துரு மட்டும் இதற்குக் காரணமில்லை. முனை எல்லாப் பக்கமும் அசைந்துகொடுக்க வேண்டும். அசையாவிட்டால் கம்பி ஸ்வேஜ் வாயிலேயே மடிந்து மடிந்து சோர்ந்துபோகும். ஃபோர்ஸ்டே, அதாவது மாஸ்ட்டை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பி, அதன் இரண்டு முனையிலும் டாகிள் (முனையை அசையவிடும் மூட்டு) இருக்கிறதா என்று பாருங்கள். பாய் காற்றில் பக்கவாட்டில் இழுக்கும்போது அங்கேதான் வளைவு அதிகம். ஷ்ரவுட், அதாவது பக்கவாட்டுக் கம்பி, தளர்ந்திருந்தாலும் இதே கதை. துறைமுகத்துக்குள் நிற்கும்போதுகூட ஒவ்வொரு அலைக்கும் அது துடித்துக்கொண்டே இருக்கும்.

கடலில் இருக்கும்போது இழை அறுந்ததைக் கண்டால்: அறுந்த கம்பி காற்றுக்கு மறைவான பக்கம் வருமாறு உடனே படகைத் திருப்புங்கள். பாயைக் குறையுங்கள். சும்மா இருக்கும் ஒரு பாயேற்றும் கயிற்றை எடுத்து, அந்தக் கம்பியின் செயின்பிளேட் பக்கத்தில் உறுதியான இடத்தில் கட்டி இறுக்குங்கள். ஃபோர்ஸ்டே என்றால் காற்றைப் பின்னால் வாங்கி, முன்பக்கம் கயிற்றைக் கட்டுங்கள். அப்புறம் எஞ்சினை ஓட்டி மெதுவாக உள்ளே வாருங்கள்.

டர்ன்பக்கிள் சுற்றவில்லை

வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். மரை அழுத்தத்தில் உரசினால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இது துருவல்ல, அதனால் துரு எண்ணெய் மட்டும் ஊற்றினால் விடாது. மாஸ்ட்டை வேறு கயிற்றில் தாங்கவைத்து, கம்பியின் இழுப்பை எடுத்துவிட்டு, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக. அதற்கும் விடாவிட்டால் அறுத்து எடுப்பதுதான் வழி. புதிதாக வாங்கினால் வெண்கல உடலும் எஸ்.எஸ். திருகும் உள்ளதை வாங்குங்கள், இப்படிக் கடித்துக்கொள்ளாது. மரையில் லானோலின் கிரீஸ் தடவுங்கள்.

டர்ன்பக்கிளைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. பாய் கிழியாமல் இருக்கத்தான். ஆனால் இறுகச் சுற்றிய டேப்புக்குள் உப்புத் தண்ணீர் நிற்கும், காற்றுப் போகாது. ஸ்பிளிட் பின்னின் நுனியை மட்டும் ஒரு சுற்று மூடினால் போதும். அந்தப் பின்களை வருடா வருடம் மாற்றுங்கள். ஒரு டீ விலையில் கிடைக்கும் சாமான் அது. அது ஒடிந்தால் மொத்த மாஸ்ட்டும் போகும்.

கேபினுக்குள் பழுப்புக் கறை வழிகிறது

ஷ்ரவுட் வந்து மாட்டும் செயின்பிளேட் டெக்கைத் துளைத்துக் கீழே இறங்கும். டெக் தடிமனுக்குள் இருக்கும் அந்தச் சிறு பகுதியை மேலிருந்தும் பார்க்க முடியாது, கீழிருந்தும் பார்க்க முடியாது. சீலண்ட் விட்டுப்போனால் அங்கே ஈரம் நிரந்தரமாகக் குடியேறும். வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும் பிளேட், நடுவில் பாதி தின்னப்பட்டிருக்கும். உள்பக்கச் சுவரில் பழுப்போ, மரப்பலகையில் கருப்போ தெரிந்தால் ஒரே வழி: கழற்றி வெளியே எடுத்துப் பார்ப்பது.

எடுத்த பிளேட்டில் குழிகளோ, போல்ட் துளையிலிருந்து கிளம்பும் கோடுகளோ இருந்தால் புதிதாகச் செய்யுங்கள். பட்டறையில் செய்யக் கொடுக்கும்போது 316 எல் (கடலுக்கு ஏற்ற எஸ்.எஸ். கிரேடு) என்று எழுதிக் கொடுங்கள். வெல்டிங் இருந்தால் ஃபில்லர் கம்பியும் 316 எல்தான். வெல்டு ஓரத்தில் வரும் நீலக் கருப்பு நிறத்தைப் பிக்ளிங் பேஸ்ட் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். அந்த நிறம் இருக்கும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். திரும்பப் பொருத்தும்போது பழைய சீலண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, டெக்கின் உள்மரம் ஈரமாக இருந்தால் காயவைத்து எபாக்ஸி நிரப்பி, அப்புறம் பாலிசல்ஃபைடு சீலண்டோ பியூட்டில் டேப்போ வையுங்கள்.

அலுமினிய மாஸ்ட்டில் வெள்ளைப் பொடி, பெயிண்ட் கொப்புளம்

எஸ்.எஸ். ரிவெட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம் மாதிரி வேலை செய்யும், தின்னப்படுவது அலுமினியம். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி வந்தால், அதை எடுத்துவிட்டுத் துளை பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள். திரும்பப் போடும்போது இரண்டு உலோகத்துக்கும் நடுவில் துத்தநாக குரோமேட் வகைப் பேஸ்ட் அல்லது மெல்லிய நைலான் ஷீட் வையுங்கள். மாஸ்ட்டின் அடியில் தண்ணீர் வடியும் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பறவை எச்சமும் நிலக்கரித் தூசும் சேர்ந்து அந்தத் துளையை அடைப்பது இங்கே சாதாரணம்.

பழையதெல்லாம் நன்றாக இருக்க, புது ஷேக்கிள் மட்டும் துருப்பிடிக்கிறது

ஷேக்கிள் என்பது கம்பியையும் கயிற்றையும் மாட்டும் U வடிவக் கொக்கி. அது 202 கிரேடாக இருக்கலாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த இந்த எஸ்.எஸ். நம் நாட்டில் நிறையப் புழங்குகிறது. கேட் கம்பிக்கு, மாடிப்படிக் கைப்பிடிக்கு கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் நன்றாகவே உழைக்கும், கடலுக்கு ஆகாது. 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். குளோரைடைத் தாங்கவைப்பது அதுதான். மண்ணடி, பாரிமுனைப் பக்கம் கடைகளில் "எஸ்.எஸ். ஷேக்கிள்" என்று மட்டும் கேட்காதீர்கள். 316 என்று கேளுங்கள், பொருளில் கிரேடு பொறித்திருக்கிறதா, தாங்கும் எடை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. இழுத்து முறுக்கிய 304 கம்பி லேசாகக் காந்தத்தில் ஒட்டும். 202 ஷேக்கிள் ஒட்டாமலும் போகும். மாலிப்டினம் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் சொட்டுச் சோதனை மருந்து விற்கிறது. நிறையச் சாமான் வாங்கும்போது அது போட்ட காசுக்கு மதிப்பானது. சிறிய உலோகப் பரிசோதனைக் கூடங்களில் எக்ஸ்-ரே கருவியால் சில நொடிகளில் கிரேடு சொல்லிவிடுவார்கள்.

ஜி.ஐ. கம்பியில் சிவப்புத் துரு

நாட்டுப் படகிலும் பழைய மரப் படகிலும் இன்னும் ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, உண்டு. அது நேர்மையான கம்பி. கெட்டுப்போவதை வெளியே காட்டும். முதலில் வெள்ளைப் பொடி வரும், அது துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பது. சிவப்பு வந்துவிட்டால் துத்தநாகம் தீர்ந்தது. ஆளிவிதை எண்ணெயோ கிரீஸோ தடவி வெள்ளைக் கட்டத்திலேயே நீட்டிக்கலாம். இதில் எஸ்.எஸ். ஷேக்கிளை நேராக மாட்டினால் துத்தநாகம் சீக்கிரம் போய்விடும், ஜி.ஐ. கம்பிக்கு ஜி.ஐ. ஷேக்கிளே போடுங்கள்.

எப்போது பார்ப்பது

வருடத்துக்கு இரண்டு முறை முழுச் சோதனை. ஒன்று செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கும் புயல் காலத்துக்கும் முன்னால். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா சென்னையைக் கடந்தபோது அடித்த காற்றைப் பார்த்தவர்களுக்கு, பாய் கட்டாமல் நிற்கும் மாஸ்ட்டின் மேலேயே எவ்வளவு இழுப்பு வரும் என்று தெரியும். இன்னொன்று ஜனவரியில், பொங்கல் முடிந்ததும், மழை கீழ் முனைகளில் எதைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறது என்று பார்க்க. தடைக்காலத்தில் பட்டறை வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஃபிட்டர், வெல்டர் எல்லோரும் விசைப்படகு வேலையில் இருப்பார்கள், அவசர வேலைதான் நடக்கும்.

ஒவ்வொரு சோதனையிலும் எல்லா முனைகளையும் ஒரே கோணத்தில் செல்போனில் படம் எடுத்து, கம்பியின் பெயரையும் தேதியையும் போட்டு வையுங்கள். ஜனவரிப் படத்தையும் செப்டம்பர்ப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கறை அதே இடத்தில் திரும்ப வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வந்திருந்தால் சாயச் சோதனையை அந்த முனையிலிருந்து ஆரம்பியுங்கள்.